நாலடிக்குள்

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு
நாலடிக்கு மேல் ஓடக்கூடாது.
அதை எண்ணத்தான் நான்.
ஒரு விசில், ஒரு பென்சில்,
ஆமர் வீதி அச்சகத்தில் கிழமை முழுக்கப்
பிழை திருத்திச் சிவந்த இரண்டு கண்.
வெண்பா தளை தட்டினால் காது சொல்லிவிடும்.
இதுவும் அடிக் கணக்குத்தானே என்று
மாட்டிவிட்டார்கள்.

ஹெவ்லொக் மைதானம். ரக்பிக் கம்பங்களுக்குக் கீழே
முகத்துவாரத்து மீன்வலை.
வலைக்குள் போனால் மூன்று,
குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று.
மழைக்கு முன் வலை நாறும்.
கோல் காக்கிற துஷாந்தன்
மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பான்.

கப்பல் கம்பனிக்கு வந்த அயர்லாந்துக்காரர்
போகும்போது ஒரு பந்தையும்
பாதி விதிகளையும் விட்டுப் போனார்.
மீதியைச் சண்டை பிடித்துப் படித்தோம்.

கால்பந்துக்காரன் வந்தான்,
தனக்குக் கை இருப்பதை நம்பவில்லை.
வலைப்பந்துக்காரி பந்தைப் பிடித்ததும்
சிலையாகிவிட்டாள்.
ரக்பிக்காரன் ஆளைக் கட்டிப்பிடித்து விழுத்தினான்.
ஊதினேன். மன்னிப்புக் கேட்டான்.
மறுபடி விழுத்தினான்.

ரிஸ்னா சல்டின் எதுவாகவும் வரவில்லை.
கொம்பனித்தெரு மருந்துக்கடையில்
டாக்டர்மாரின் கிறுக்கலை வாசிக்கிறவள்.
முதல் நாள், கால்நுனியில் தட்டி எடுக்கப் பார்த்த பந்து
மூக்கில் பட்டது.
ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:
"இடது காலாலயும் இது செய்யலாமா?"

இரண்டு வருடம்.
இப்போது மூன்று பேர் எம்பினால்
நாலாவதாக எழும்புகிற கை அவளுடையது.
எதிராளி உதைக்கிற கணத்தில்
பந்தின் மேல் விரிந்து கிடக்கும் அதே கை.
ஒரு தரம் நிலத்தில், ஒரு தரம் கால்நுனியில்,
பிறகு முஷ்டியால் ஒரு குத்து,
யாருமே இல்லாத இடத்துக்கு.
யாரோ அங்கே வந்துசேர்வான்.
வந்தவனுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

நான் பார்ப்பது அதையெல்லாம் அல்ல.
நான் பார்ப்பது பாதம்.
ஒன்று என்று நான் எண்ணும்போது
அவள் கண் பந்தில் இருக்காது.
இரண்டில் தோள் திரும்பும்.
மூன்றில் பந்து கையில் இருக்காது.
நாலு என்று அவளுக்காக
ஒருநாளும் சொன்னதில்லை என் வாய்.

போன ஞாயிறு கல்கிசைக்காரரோடு.
இரண்டு பக்கமும் சமன், கடைசி நிமிடம்,
வெள்ளவத்தைப் பக்கம் கறுத்து வருகிறது வானம்.
நடுவில் எம்பிப் பிடித்தாள். ஓடினாள்.
தட்டினாள், எடுத்தாள், எதிரே கம்பம்.
காலடியில் விழுந்து கிடந்தான்
கல்கிசைப் பொடியன் ஒருவன்,
விரல் பத்தும் புல்லில் விரித்தபடி.

மூன்று.
நாலு.
விரலை மிதிக்காமல் விலகி வைத்தாள் இன்னொன்று.
பிறகு உதைத்தாள், இடது காலால்.
கம்பத்துக்கு நடுவே, மேலே,
ரயில் பாதைக்கே போய்விடும் போல ஒரு உதை.

ஊதினேன்.

மைதானம் முழுக்க என் அம்மாவை விசாரித்தது.
துஷாந்தன் கையுறையைக் கழற்றி எறிந்தான்.
பந்து திரும்பி வந்தது. அவள் வாங்கி,
தான் பிழைவிட்ட அதே புல்லில் வைத்துவிட்டு
முதுகைக் காட்டி ஓடினாள்,
தன் கோல் பக்கம், அங்கேதான் அடுத்த வேலை என்று.

அவர்கள் நெடுக அடித்தார்கள்.
வலைக்குள் போக இருந்ததை
விரல்நுனியால் மேலே தள்ளினாள்.
மூன்று ஒன்றாயிற்று.
அந்த ஒன்றால் தோற்றோம்.

பதக்கம் ஒன்று இருக்கிறதாம், 'முழு ஆட்டக்காரர்' என்று.
செயலாளர் படிவம் தந்தார்:
வேகம், பிடி, உதை, தடுப்பு,
ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை.
பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.
மழையில் அவள் மட்டும் கம்பத்தில் ஏறி
வலை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

155ஆம் பஸ்ஸுக்கு ஒன்றாகத்தான் நின்றோம்.
வலை அவள் மடியில், நாறிக்கொண்டு.

"அஞ்சா?" என்றாள்.

"அஞ்சு."

"ஓ. நானும் எண்ணினேன்."