சமநேரப் புள்ளி

தூரம் என்னவோ மாறுவதில்லை.
சாந்தியாகோவிலிருந்து ஆக்லாந்து
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
விவாகரத்துக்கு முன்னும் பின்னும்.

மாறுவது நேரம்தான்.
மேற்கே போகையில் எதிர்காற்று, பன்னிரண்டே முக்கால் மணி.
கிழக்கே வருகையில்
அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்,
பதினொன்று போதும்.
இதைக் கணக்கிடத்தான் எனக்குச் சம்பளம்.
சன்னலில்லாத ஓர் அறை,
எரிபொருள், எடை, மேகம், அவசரத்துக்கு இறங்க இடம்.
கடைசிப் பத்தி எப்போதும் சிறியது.
தென்பசிபிக்கில் நமக்காக யாரும்
ஒன்றும் கட்டி வைக்கவில்லை.

வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பேன்.
அங்கிருந்து திரும்பினாலும் தொடர்ந்தாலும்
கரை சேர ஒரே நேரம்.
நட்டநடுவில் இருக்குமென்று நினைப்பீர்கள். இல்லை.
காற்று அதை ஆக்லாந்துப் பக்கம் இழுத்துப் போய்விடும்.
கடலில் பாதிக்கு மேல் என்னுடையது என்று
ராவிரியிடம் ஒருமுறை சொன்னேன்.
"நீதிபதிகிட்ட சொல்லிப் பாரேன்" என்றான்.
சிரித்தோம், அவன் கொஞ்சம் அதிகமாக.

மில்லராய் கழுத்தில் மஞ்சள் அட்டையோடு
வருஷம் இரண்டு தடவை அதைக் கடக்கிறாள்.
வரும்போது ஒரு சனிக்கிழமை இரண்டாகும்:
அங்கே மாலை ஆறுக்கு ஏறி
இங்கே அதே சனி மதியம் ஒன்றுக்கு இறங்குவாள்.
பிறந்தநாள் அப்படி விழுந்த வருஷம் இரண்டு கேக்.
போகும்போது ஒரு ஞாயிறு காணாமல் போகும்.
"கணக்கு சரியாப் போச்சு" என்பாள்.
போகவில்லை.

ஜனவரிக் கடைசி. அவள் ஏறிய விமானம்,
என் கையெழுத்து.
ஏழு மணி இரண்டாம் நிமிடத்தில் செய்தி:
முப்பத்தோராம் வரிசையில் ஒருவருக்கு நெஞ்சுவலி.
இசித்ரோ பர்ரியா, புவெர்த்தோ மொந்த்காரர்,
சால்மன் மீன்களுக்குத் தடுப்பூசி விற்பவர் என்பதெல்லாம்
பிறகு தெரிந்தது.
கேப்டன் கேட்டது ஒன்றுதான்: முன்னேயா, பின்னேயா?

புள்ளி தாண்டி ஏழு நிமிடம்.
முன்னே ஐந்து மணி நாற்பத்தெட்டு.
பின்னே ஆறு மணி ஒன்று.
வித்தியாசம் பதின்மூன்று நிமிடம்,
ஒரு முட்டையை வேகவைத்து, உரித்து,
உப்பைத் தேடும் நேரம்.

பதின்மூன்று நிமிடப் பழியைக் காற்றின் மேல் போடலாம்.
எதிரே வலுக்கிறது என்று ஒரு வரி.
யார் வந்து கேட்கப்போகிறார்கள்?
மதியம் பன்னிரண்டு மணிக்கு
கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம்
அந்த மஞ்சள் அட்டை.
ஞாயிறும் கையில் இருக்கும்.

அடுத்த மேசையில் எர்மெனெகில்தோ
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
தோல் அறுபடாமல் சுருள்வதை
நான் பார்த்துக்கொண்டிருந்தது எவ்வளவு நேரம்?
பதிவேடு சொல்கிறது: நாற்பது விநாடி.

தொடரவும், என்று தட்டினேன்.

அதன் பிறகு விமானம் திரையில்
அரிசி அளவுக்கு நகர்ந்தது.
பணி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை.
எர்மெனெகில்தோ பாதி ஆரஞ்சை என் பக்கம் தள்ளிவிட்டு
எதுவும் கேட்காமல் கிளம்பினான்.

பர்ரியா பிழைத்துக்கொண்டார்.
எனக்கு ஞாயிறு, மதியம் நெருங்குகிறது.
அவளுக்குத் திங்கள், இருட்டு விலகாத நாலு மணி.
செல்பேசி அதிர்ந்தது:
"அம்மா, ஆம்புலன்ஸ் விமானத்துக்குப் பக்கத்துலயே வந்துச்சு.
அவரை இறக்குற வரைக்கும்
ஒருத்தரும் எழுந்திரிக்கல, தெரியுமா.
நீ தூங்கினியா?"

தூங்கினேன் என்று
பதில் போட்டேன்.