சிவப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம்

தகரக் கொட்டிலில் சோற்றுப் பார்சல் பிரிக்கிற நேரம்
மொசாம்பிக்கிலிருந்து வந்த பயிற்சியாளர் அர்மாண்டோ கேட்டார்,
"உங்கட சமயம் என்ன சொல்லுது?"
மொழிபெயர்த்த கேதாரநாதன் மெல்லுவதை நிறுத்தினான்.
நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.
சாதாரண தரத்தில் சைவநெறிக்கு ஏ எடுத்தவள் நான்.
இருபது வருடம் ஆகிறது.

பதி, பசு, பாசம் என்று தொடங்கினேன்.
"கடவுள், மாடு, கயிறு" என்றான் கேதாரன்.
அர்மாண்டோ தலையாட்டினார்.
தன் ஊரிலும் மாடுகள் உண்டாம்.
யோகமலருக்குப் புரையேறிவிட்டது.

சிரித்து ஓய்ந்தபிறகு நினைத்தேன்
அதில் பெரிய பிழையுமில்லை.
கட்டையைச் சுற்றிச் சுற்றி மேய்கிறோம்.
கயிறு குறுகும், கழுத்து இறுகும்,
அவிழ்க்கிறவர் வரவேண்டும்.

"கடவுள் ஒருவரா, பலரா?"
ஒருவர்தான்.
ஆனால் காட்டுக்குள் இறங்கினால் ஐயனாருக்கு
ஒரு குழை முறித்துக் கொப்பில் கொழுவவேண்டும்.
குளக்கட்டில் பிள்ளையாருக்குச் சொல்லாமல்
துருசு திறக்கக் கூடாது.
முறிகண்டியில் பஸ் நிற்கும், சாரதி இறங்கிக் கும்பிடுவார்,
மிச்சப்பேர் கச்சான் வாங்குவோம்.
கச்சான் வாங்குவதும் வழிபாடா என்றார்.
அதுவரை யாரும் கேட்டதில்லை.
வற்றாப்பளையில் அம்மனுக்கு
கடல்நீரில் விளக்கெரியும் என்றாள் யோகமலர்.
"எரியுமா?"
"எரியும்."
"எப்படி?"
"வைகாசியில வாங்கோ."

பிறகு வினை.
வினை விதைத்தவன் வினை அறுப்பான்.
இதைக் கேதாரன் மிகச் சரியாக மொழிபெயர்த்தான்.
அர்மாண்டோ வெளியே பார்த்தார்.
முதிரை நிழலுக்கு அப்பால் சிவப்புக் கட்டைகள் வரிசையாய்,
இன்னும் தொடாத பதினெட்டு ஏக்கர்.
இந்தக் காணியில் விதைத்தவர் யாரோ.
முழந்தாளில் நின்று
சாண் சாணாய் அறுக்கிறவர்கள் நாங்கள்.
அதை அவரும் கேட்கவில்லை
நானும் சொல்லவில்லை.

ஆன்மாவுக்கு அழிவில்லை என்று மட்டும் சொல்லிவைத்தேன்.
உடம்பு சட்டை மாதிரி என்றும்.
சொல்லும்போதே பவானந்தன்ர சட்டை நினைவு வந்தது,
நீலக்கோடு, இரண்டாம் பொத்தான் இல்லாதது.
தம்பிக்குத் திவசம் செய்வமென்று பெரியப்பா வெளிக்கிட்ட வருடம்
ஐயர் அம்மாவிடம் கேட்டார்,
என்ன மாதம், என்ன திதி, வளர்பிறையா தேய்பிறையா?
அம்மா சொன்னா,
"வந்தாப்பிறகு அவனிட்டயே கேளுங்கோ."
ஐயர் தட்சணை வாங்காமல் போய்விட்டார்.
இது சைவநெறிப் புத்தகத்தில் இல்லை.

பின்னேரம் இரண்டே முக்காலுக்கு
பாலை வேரடியில் என் கருவி கீச்சிட்டது.
படுத்தேன். பக்கவாட்டில் சுரண்டினேன்.
ஒரு முனை.
அசையாமல் இருந்து விரலால் மண்ணை விலக்கினேன்.
இரண்டாம் முனை.
மூன்றாவதைத் தொடும்போது
தலைக்கவசத்துக்குள் வியர்வையோ வேறெதுவோ.

சூலம். தண்டு முறிந்த வைரவர்.
யாரோ நேர்ந்து, நட்டு, வடைமாலை சாத்தி,
பிறகு ஓடிப்போகும்போது விட்டுவிட்டுப் போன வைரவர்.
ஒழுங்குவிதிப்படி அது இரும்புக் கழிவு வாளிக்குள் போகவேண்டும்.
அர்மாண்டோ வந்து குனிந்து பார்த்தார்.
"என்ன இது?"
கேதாரன் வாயைத் திறந்து, மூடினான்.
அந்தச் சொல்லுக்கு அவனிடம் மாடுமில்லை, கயிறுமில்லை.
அவர் கொஞ்ச நேரம் நின்றார்.
வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கால போய்விட்டார்.

படிவத்தில் எழுதினேன்:
இரும்பு, ஒன்று, ஆபத்தில்லை.
கடைசிச் சொல்லை எழுதக் கொஞ்ச நேரம் எடுத்தது.
சிவப்புக் கட்டைக்கு இந்தப் பக்கம்,
துப்புரவாக்கிய மண்ணில்,
அதை நட்டுவிட்டு வானில் ஏறினோம்.

காலையில் வந்தால்
அதன் காலடியில் ஒரு செவ்வரத்தம்பூ.
பக்கத்தில் தாளில் சுற்றி ஒரு பிடி கச்சான்.
பூ யோகமலர்தான், கேட்டதும் ஒத்துக்கொண்டாள்.
கச்சானை வைத்தது தானென்று
இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.