ஒன்பது குழு, ஒரு மீதி

மார்ச்சில் வகுப்பு தொடங்குவதற்கு முந்தின இரவு
சமையல் மேசையில் பெயர்ச்சீட்டுகளைப் பரப்புகிறேன்.
நாற்பத்தாறு பேர். ஐந்தைந்தாய்ப் பிரித்தால்
ஒன்பது குழு, ஒரு மீதி.
வகுத்தலில் மீதியை ஓரமாய் எழுதிவிடலாம்.
வகுப்பில் அதற்கு நாற்காலி போட வேண்டும்.

வெளியே புந்தா அரேனாஸின் காற்று
யார் வீட்டுத் தகரத்தையோ பிடித்து உலுக்குகிறது.

நண்பர்களைச் சேர்த்துப் போட்டால்
சிரிப்பு வரும், வரைபடம் வராது.
பிரித்துப் போட்டால் மின்னஞ்சல் வரும்;
போன வருஷம் ஒரு தாயாரிடமிருந்தே வந்தது.
குழுவுக்கு ஒருவருக்காவது பற்றவைக்கத் தெரிய வேண்டும்,
ஒருவராவது கூட்டத்தில் வாய் திறக்க வேண்டும்
என்பது விதி. எழுதியவளும் நான்,
முதலில் மீறுபவளும் நான்:
எலெயாசரின் சீட்டை எங்கே வைத்தாலும்
ஓரத்துக்கே நகர்கிறது.
நான்காம் குழுவில் ஆறாவதாய்ச் செருகிவிட்டுத்
தூங்கப் போனேன்.

கேட்டவர் திருமதி நெவெங்கா மிலாதினிச்.
ஊருக்கு வெளியே, பிளாஸ்டிக் கூரைக்கடியில்
லெட்யூஸும் ருபார்பும் வளர்க்கிறவர்.
"காற்று அடித்தால் ஜன்னல் தானாக மூடணும்.
அவ்வளவுதான். போனில் எதையும் காட்டாதீர்கள்."
ஒன்பது குழுவும் தலையாட்டின.
ஏழு குழு செயலி செய்ய உட்கார்ந்தன.

துறைக் கூட்டத்தில் கேட்டார்கள்,
இந்தப் பாடத்தில் நீ எதைத்தான் கற்பிக்கிறாய்?
பட்டறைச் சாவி யாரிடம் என்பதை.
எண்பதாயிரம் பெசோவுக்கு ரசீது எங்கே என்பதை.
'நான் பார்த்துக்கிறேன்' என்ற வாக்கியத்துக்கு
எந்தத் தேதி கெடு என்பதை.
சமன்பாடு ஒன்றும் இல்லாததால்
என் பணிக்கணக்கில் இது அரைப் பாடம்.

நான்காம் குழுவின் குறிப்பேடு,
யாஸ்னா ஒயார்சுனின் உருண்டைக் கையெழுத்தில்:
எலெயாசர் வரவில்லை.
அடுத்த வாரம், எலெயாசர் வரவில்லை.
அதற்கடுத்த வாரம் அந்த வரியை எழுத
அவளுக்கே அலுத்து 'மேற்படி' என்று போட்டிருந்தாள்.
அழைத்துக் கேட்டேன். சால்மன் ஆலையில் இரவு முறை என்று
தன் காலணியிடம் சொன்னான்.
எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். விதி விதிதானே.

ஜூனில் சோதனை நாள்.
வருஷமெல்லாம் ஆளைத் தள்ளும் காற்று
அன்றைக்குப் பார்த்து வரவில்லை.
நாற்பத்தாறு பேரும் வானத்தை அண்ணாந்து நிற்க
நெவெங்கா ஜாம் தடவிய ரொட்டி நீட்டினார்.
நாலரைக்கு, முழு இருட்டில், வந்தது.
செயலிகள் எல்லாம் சரியாகச் சொல்லின, காற்று என்று.
மோட்டார்கள் உறைந்திருந்தன.
நான்காம் குழுவுடையது வெறும் எடைக்கல்லும் கீலும்.
தொப்பென்று மூடியது. மறுபடி மூடியது.
மூன்றாம் தடவை பாதியில் நிற்க,
துடைப்பக்கட்டையால் ஒரு குத்து விட்டார் நெவெங்கா.

"கீல் யார் செய்தது?"
"எலெயாசர். வேலை முடிந்து விடிகாலையில் வந்து
அரத்தால் ராவிக்கொண்டிருப்பான்.
அப்போது கூட்டம் எதுவும் இல்லையே,
அதனால்தான் குறிப்பேட்டில் இல்லை," என்றாள் யாஸ்னா.
சாவி யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் சக மதிப்பீட்டுப் படிவம்:
ஆறு பேருக்கு நூற்றிருபது புள்ளி,
உழைப்புக்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.
ஐந்து பேர் ஆளுக்கு இருபது போட்டிருந்தார்கள்.
எலெயாசர் மற்றவர்களுக்கு இருபத்துநான்கு போட்டு,
தன் பெயருக்கு நேரே பூஜ்யம்.
காரணம் என்ற கட்டத்தில்: வரவில்லை.

கூட்டுத்தொகை சரி.
கணினி சிவப்புக் காட்டவில்லை, ஏற்றுக்கொண்டது.

மதிப்பெண் வெள்ளி நண்பகலுக்குள் போக வேண்டும்.
அதைத் திறந்து வைத்துவிட்டு
அடுத்த வருஷப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கிறேன்:
பட்டறை விளக்கைக் கடைசியாக அணைத்தது யார்?
அழிக்கிறேன். இதற்கும் பொய் சொல்லப் பழகிவிடுவார்கள்.

பாடத்திட்டத்தின் முதல் பக்கத்துக்குப் போகிறேன்.
குழுக்கூட்டம், மாலை ஆறு மணி.
யாரையும் கேட்காமல் நான் போட்டது.
ஆறை அடிக்கிறேன். அந்த இடத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை;
கோடு மட்டும் நிற்கிறது.