பிணை

பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பிணையாக
இருதயராஜ் கையிலிருந்து கழற்றித் தந்தது.
பவுன் ஒன்றும் இல்லையா என்று கேட்டேன்.
"பவுன் கீறும் அக்கா, இது கீறாது.
சுவிஸ் சாமான்."
குவைத்தில் யாருடைய காரையோ கழுவிக் கழுவி
எழுபத்தொன்பதில் அவன் மாமா வாங்கியதாம்.
கருஞ்சாம்பல் உடம்பு.
ஆமை ஓட்டைப் போலச் சரிந்த ஓரம்.
கையில் வாங்கியதும்
ஒரு ஆற்றுக்கல் கனம்.

"பெட்டியில மட்டும் வச்சிராத.
சாவியும் இல்ல, பேட்டரியும் இல்ல,
கை ஆடினாத்தான் ஓடும்.
ரொம்ப நாள் நின்னா எண்ணெய் இறுகிரும்."
சொல்லிவிட்டு
கொழும்பு பஸ்ஸில் ஏறிப் போனான்.

கேட்டேனா?
சனியும் ஞாயிறும் தகரப்பெட்டிக்குள் கிடந்தது.
திங்கள் காலை பிரட்டுக்குப் போக எடுத்துப் பார்த்தால்
மூன்று பத்தில் செத்திருந்தது.
பகலா இரவா, தெரியாது.

அன்றிலிருந்து என் கையில்.
ஆம்பிளைச் சங்கிலி தொளதொளத்தது;
சேலைக் கிழிசலை உள்ளே சுற்றி இறுக்கினேன்.
பறித்துத் தோளுக்குப் பின்னால் வீசும்
ஒவ்வொரு பிடிக் கொழுந்துக்கும்
உள்ளே ஏதோ ஒன்று அரைவட்டம் உருண்டது.
மழை விட்ட நேரத்தில் காதோடு வைத்தால்
கேட்கும்.

கிழமை அரபியில் வரும்.
நோர்வூட் கடையில் நவ்பர் நானா
ஏழையும் வாசித்துக் காட்டினார், ஏழும் மறந்தது.
தேதி போதும் எனக்கு.
பத்து வந்தால் சம்பளம்.

நாலாம் நம்பர் மலையில்
பின்னேர நிறுவை நாலரைக்கு.
வேலாயுதக் கங்காணிக்கு நாலரை என்பது
அவர் வெற்றிலையைத் துப்பி முடிக்கிற நேரம்.
"மங்களம், மணி என்னடி?"
மேல் நிரையிலிருந்து பிலோமினா கத்துவாள்.
நாலு முப்பத்திரண்டு என்பேன்.
இருபத்திரண்டு கூடைகள் ஒன்றாக இறங்கும்.
"ஒன் மணிக்கூடு வெரசா ஓடுது" என்றார் ஒருநாள்.
"ஓட்டுறது நாங்கதானே கங்காணி" என்றாள் பிலோமினா.
அன்றைக்கு மலையே சிரித்தது.
அடுத்த வாரம் அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்தது,
அது வேறு கதை.

மூன்று வருடம்.
கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறு கிழித்தது,
கோழிக்கூட்டுக் கம்பி கிழித்தது.
பாசிப் படியில் வழுக்கி விழுந்த அன்று
முழங்கையிலிருந்து தோல் உரிந்து தொங்க,
கடிகாரம் பாறையில் மோதிய சத்தம்தான்
முதலில் கேட்டது.
பதினெட்டாயிரம் போச்சு என்று
இரத்தத்தைத் துடைக்காமல் அதைத் துடைத்தேன்.
அதில் ஒன்றுமில்லை.
பாறையில்தான்
விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

பெரிய வியாழனன்று இருதயராஜ் வந்தான்.
பதினெட்டாயிரமும்
மேலே ஒரு பிஸ்கட் டின்னும் வைத்தான்.
காம்பராவுக்குள் வெளிச்சம் போதாமல்
வாசலுக்குப் போய்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"வச்ச மேனிக்கு இருக்கே அக்கா,
ஒருநாள்கூடப் போட்டுப் பார்க்கலியா?"

சேலைத் தலைப்பைக் கைவரை இழுத்துக்கொண்டேன்.
நொடிமுள் அவன் உள்ளங்கையில்
ஓடிக்கொண்டிருந்தது.
அதை அவன் கேட்கவில்லை,
நான் சொல்லவில்லை.

அவன் போன பிறகு
விளக்கடியில் கையை நீட்டினேன்.
முழங்கையிலிருந்து விரல்வரை
தேயிலை எழுதிய எழுத்து.
நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு
வெளிறிய ஒரு பட்டை.
ஒரு கீறல் இல்லை அதில்.
யாருடைய கையோ போல.

செவ்வாய்க்கிழமை, நாலாம் நம்பர் மலை.
"மங்களம், மணி என்னடி?"
பழக்கத்தில் கையைத் திருப்பினேன்.
பட்டையைப் பார்த்தேன்.
நாலரை என்றேன்.
கூடைகள் இறங்கின.

கங்காணி போனை எடுத்துப் பார்த்தார்.
பிறகு
தராசை மாட்டினார்.