மறுநடவு

குலசேகரத்து ரப்பர் ஆபீஸ் படிவத்தில்
ஏழாவது கட்டம்:
புதுநடவு, மறுநடவு. பொருந்தாததை அடிக்கவும்.
புதுசை அடித்தேன்.
பேனா அழுந்திப் போய்த் தாள் கிழிந்தது.

களியலில் யாரும் இப்படிச் சொல்வதில்லை.
"திருப்பி வச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள்,
அடுப்பிலிருந்து இறக்கின பானையைக் கேட்பதுபோல.
ஒக்கியில் எனக்குப் போனது நூற்று நாற்பது மூடு.
விழுந்து கிடந்த மரங்களில் சிரட்டை
கம்பியோடு அப்படியே இருந்தது.

மரச்சீனிக்கு இந்தச் சொல் வேண்டாம்.
கிழங்கைப் பிடுங்கின கையோடு
அதே கம்பை முறித்து ஊன்றிவிடுவோம்.
அதற்கு முதல் நடவு எது என்று
யார் கண்டது?

கொழுந்தன் வறுவேல் குவைத்திலிருந்து வந்து
நாகர்கோவிலில் முடி நட்டான்,
பின்மண்டையில் பறித்து முன்மண்டையில்.
"நாற்றங்கால் வத்தாம பாத்துக்கோ" என்றேன்.
சிரிக்கவில்லை. கட்டு இறுக்கமாக இருந்திருக்கும்.

கல்லையும் நடத்தான் செய்கிறோம்.
என் கடைசி மூடு சாய்ந்தபோது
வேர் எல்லைக்கல்லையும் கிளப்பிப் போட்டது.
தாசையன் அவர் கணக்குக்கு நட்டார்,
என் பக்கம் முக்கால் அடி.
நான் என் கணக்குக்கு.
ஆறு வருஷம்
நட்ட கல் நடந்துகொண்டே இருந்தது.
சர்வேயர் வந்தார், சங்கிலி பிடித்தார்,
இரண்டு வீட்டிலும் சாயா குடித்தார்.

மறுநடவு ஒரு சொல்லா இரண்டா என்று பார்க்க
அகராதியைப் புரட்டினேன்.
நட்டல்: நட்புச் செய்தல் என்று இருந்தது.
நடுகிறான் என்றால் மண்வெட்டி மட்டும்தான்.
நட்டான் என்று முடிந்துவிட்டால்
யாரோடு என்றும் கேட்கலாம்.

இந்த ஆனியில் தாசையனுக்கு லாரியில் தை வந்தது.
பதினொன்று மிச்சம்.
கவரோடு என் விளை ஓரத்தில் வைத்துவிட்டுப்
பேசாமல் போனார்.
நான் கயிறு பிடித்து, பத்தடிக்கு ஒரு குழி
அடையாளம் போட்டு வந்தால்
எட்டாவது குழி சரியாகக் கல்லின் மேல் விழுகிறது.
கயிற்றின் மறுமுனையை எடுக்க
அவர்தான் வந்தார்.

கல்லைப் பிடுங்கினோம்.
நான் தையை நேராகப் பிடிக்க
அவர் மண்ணைத் தள்ளி மிதித்தார்.
ஏழு வருஷம் கழித்து
இதன் பால் யாருக்கு என்று
இருவரும் கேட்கவில்லை. கேட்போம்.

கல் இப்போது துணி துவைக்கக் கிடக்கிறது.
என் கிணற்றடியில்.
அதை அவர் கவனித்திருக்கிறார்.