ஹாரன்

வயிறுதான் ஹாரனை அடித்தது, நானல்ல.
குத்தாய்சியில் புறப்பட்டு
காகசஸ் மலையேறும் என் வேனில்
ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவே
இருபத்திரண்டு வருடமாக
ஒரு செய்தித்தாள் நுழையாது.
பிரேக்கை மிதித்தால் உடம்பு முன்னே சரியும்,
தொப்பை அழுத்தும்,
பாம்.
வளைவுக்கு வளைவு பாம்.
சாலையில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து வழிவிடும்.
பயணிகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.
சிரித்தாலும் பாம்.

மருத்துவர் தம்தா சிரிக்கவில்லை.
மூன்று மாதச் சர்க்கரை ஒன்பதைத் தொட்டிருந்தது.
ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பினாள்.
"இது கல்லீரல். வெளுத்துத் தெரிகிறதே, அது கொழுப்பு."
ஜனவரிக் கணவாய் போலிருந்தது.
அப்படிப் பனி மூடிய பாதையில்
நான் வண்டி எடுக்கமாட்டேன்.
"எதை விடவேண்டும்?"
"எதைச் சாப்பிடுகிறீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்."
சொன்னேன். எழுதினாள்.
தாளைத் திருப்பி எழுதினாள்.

காலையில் சூளையடியில் வாங்கும் நீள ரொட்டி
வீடு சேரும்போது பாதிதான் இருக்கும்.
அந்தச் சூட்டைக் கிள்ளாமல் நடப்பது எப்படியென்று
தம்தாவுக்கும் தெரியவில்லை.
நான் தெருவை மாற்றினேன், அவ்வளவுதான்.
ஆற்றுப் பாலம் வழியாகச் சுற்றிப் போகிறேன்,
பதினைந்து நிமிடம் கூடுதல்.
அதையும் நடைப்பயிற்சி என்று
கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

ஏதெரி சுடும் பாலாடைக்கட்டி ரொட்டியில்
ஒரு துண்டோடு நிறுத்தினேன்.
"உப்பு கூடிவிட்டதா?"
இல்லை.
"அப்படியென்றால் வேறெங்கோ சாப்பிட்டுவிட்டு வருகிறாய்."
முப்பது வருடத் தாம்பத்தியத்தில்
என்மேல் விழுந்த முதல் சந்தேகம்.
ஒரு வாரம் பேச்சில்லை.
எட்டாம் நாள் கீரையை வால்நட்டோடு அரைத்து
உருண்டை பிடித்து
தட்டு அதிர வைத்தாள்.
தின்னு.
சமாதானமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.
ஏழு உருண்டை.

மைத்துனன் ஓத்தியா வீட்டில் ஞானஸ்நான விருந்து.
பீரால் வாழ்த்தினால் பகை என்பார்கள் எங்கள் பக்கம்.
தண்ணீரால் வாழ்த்தினால் என்னவென்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.
கோப்பையைத் தூக்கினேன்.
இறந்தவர்களை நினைக்கும்போது வருமே,
அந்த அமைதி வந்தது மேசைக்கு.
ஓத்தியா என் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்,
பிறகு தன் கோப்பைக்குள்.
"குழந்தை தலையிலும் தண்ணீர்தானே ஊற்றினார்கள்" என்றான்.
குடித்தோம்.

பத்து மணிப் பசி மட்டும் இன்னும் பழகவில்லை.
அது வயிற்றில் இல்லை, கையில் இருக்கிறது.
கை தானாக எழுந்து
அலமாரிவரை போய்த் திரும்புகிறது.
பதினேழு கிலோ இறங்கின.
புத்தாண்டு வாரத்தில் மூன்று ஏறின,
டிக்கெட் எடுக்காமல்.
இன்னும் பின்சீட்டில்தான் இருக்கின்றன.

மார்ச்சில் ஒரு காலை,
எட்டாம் வளைவைக் கடந்துவிட்டேன்.
கண்ணாடியில் பால் கேனோடு ஒருத்தி ஓடிவருகிறாள்.
சியாலா.
நிறுத்தினேன்.
ஏறி, கேனை என் காலடியில் இறக்கி,
மூச்சு வந்ததும் கத்தினாள்:
"ஹாரன் கேட்டுத்தான் அடுப்பை அணைப்பேன்,
ஹாரன் கேட்டுத்தான் செருப்பு மாட்டுவேன்,
ஊமை மாதிரிப் போகிறாயே, எவ்வளவு நாளாக இப்படி?"

குனிந்து பார்த்தேன்.
ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவே
ஒரு கை நுழையும் இடம்.
அதில் வெயில் விழுந்து கிடந்தது.
இத்தனை வருடத்தில்
வண்டிக்குள் என் மடியில் வெயில் பட்டதில்லை.

இப்போது கையால் அடிக்கிறேன்.
ஐந்தாம் வளைவிலேயே தொடங்கிவிடுகிறேன்,
சியாலாவுக்கு முழங்கால் வலி.
நாய்கள்தான் நம்ப மறுக்கின்றன.
படுத்தபடியே ஒரு கண்ணைத் திறந்து
யாரடா இவன் என்று பார்க்கின்றன.