முதல் பக்கம்

டர்பனில் கடலுக்கும் எங்களுக்கும் நடுவே
ஏழு மாடி மருத்துவமனை.
அதன் அடித்தளத்தில்
அதன் வியர்வையைத் துவைப்பவர்கள் நாங்கள்.

இரவு பத்துக்கு வேலை தொடங்கும்.
மேலிருந்து குழாய்வழி மூட்டைகள் விழும்
தொப்பென்று,
யாரோ பிறந்ததும் யாரோ போனதும்
ஒரே பையில்.

தலைமை அலுவலகம் நான்காண்டு முன்
ஒரு பெரிய படம் அனுப்பியது:
சிரிக்கும் பற்கள், கோத்த கைகள்,
நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று எழுதி.
மாட்டிய ஆணி நீராவியில் துருவேறியது.
குடும்பம் எனக்கு வீட்டில் இருக்கிறது.
அதற்குச் சோறு போடத்தான் இங்கே வருகிறேன்.

அப்போதிருந்த மேற்பார்வையாளர்
தவறுகளை ஒலிபெருக்கியில் வாசிப்பார்.
பெயர், எண், பிடித்தம் எத்தனை ராண்ட்.
அந்த நேரத்தில்
இயந்திரங்கள் மட்டும்தான் மூச்சுவிடும்.

ஒருநாள் விரிப்புக்குள் ஊசி.
வார்டில் யாரோ மறந்தது.
கையுறை தாண்டிக் கட்டைவிரலில்
ஒரு சொட்டு.
சொன்னால் 'கவனக்குறைவு' என்று வாசிப்பார்.
சொல்லவில்லை.
கழுவினேன், பிளாஸ்டர் ஒட்டினேன்.
மூன்று மாதம்
கணவனிடம் காரணம் சொல்லாமல் தனியே படுத்து,
சாட்ஸ்வொர்த்தில் தெரிந்தவர் பார்த்துவிடுவார்களென்று
பைன்டவுன் போய் ரத்தம் கொடுத்து...
நல்ல முடிவு வந்த அன்று
பேருந்தில் அழுதேன்.
பக்கத்திலிருந்தவள் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.
அந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பரிவு
அவ்வளவுதான்.

பிறகு வந்தார் பூபாலன் கோவெண்டர்.
குட்டை மனிதர், வாய் ஓயாதவர், கால்பந்துப் பைத்தியம்.
முதல் வாரமே வெப்ப அளவைத் தப்பாய்த் திருகி
அறுவை அரங்கின் அறுபது அங்கிகளைப்
பொம்மைக்குப் போடலாம்போல் சுருக்கிவிட்டார்.
யார் தலையில் விழுமென்று காத்திருந்தோம்.

அவர் கடைக்குப் போய்ப்
பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கிவந்து
முதல் பக்கத்தில் எழுதினார்:
"அறுபது அங்கி. நான்தான்.
குமிழில் எண் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.
பூபாலன்."
பேனாவைக் கயிற்றில் கட்டித்
தேநீர் மேசையில் தொங்கவிட்டார்.
அன்று மட்டும் அவர் ஒன்றும் பேசவில்லை.

பதினொரு நாள் இரண்டாம் பக்கம் வெறுமை.
பன்னிரண்டாம் நாள் முரட்டு எழுத்தில் சிபுசிசோ:
"வண்டிச் சக்கரத்தை உடைத்தது நான்."
மாதக் கடைசிவரை பொறுத்து
அவன் சம்பளச் சீட்டை எல்லோரும் பார்த்தோம்.
குறையவில்லை.
புதுச் சக்கரமும் வந்திருந்தது.

அப்புறம் நோட்டில் ஏதேதோ.
சோப்பு போதவில்லை.
மகளுக்குப் பரீட்சை, வியாழனை மாற்றித் தருவீர்களா.
சர்க்கரையைத் தீர்ப்பது யாரென்று
எல்லோருக்கும் தெரியும்.
யாரோ ஒரு மீன் வரைந்திருந்தார்கள்.

எல்லாம் தேனாகிவிட்டதென்று சொல்லமாட்டேன்.
அதே கூலி. அதே நீராவி.
லோகாம்பாளும் நோசிஃபோவும்
இன்னும் மின்விசிறிக்குச் சண்டைதான்.

சென்ற செவ்வாய், விடியற்காலை மூன்று மணி.
நோசிஃபோ கையைத் தூக்கிக்
கூடமே கேட்கக் கத்தினாள்:
"ஹாவு! ஊசி! என்னைக் குத்திவிட்டது!"
வெட்கமே இல்லாமல்,
மீன் விற்பவள்போல்.
இயந்திரங்கள் நின்றன.
நான்கே நிமிடத்தில் அவசரப் பிரிவு,
விரல்மேல் ஓடும் தண்ணீர், மாத்திரை,
துணைக்கு லோகாம்பாள்,
மின்விசிறியை மறந்து.

பெரிய விரிப்பை ஒருவரால் மடிக்க முடியாது.
மூலை பிடித்து, எதிரிலிருப்பவள் கையைப் பார்த்து,
நடந்து கிட்டே வரவேண்டும்.
விடிந்ததும் திரும்பிய நோசிஃபோவோடு மடித்தேன்.
மூலைகள் தொட்ட இடத்தில் சொன்னேன்
என் மூன்று மாதத்தை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த விரிப்பின் முனையை
என் கையில் வைத்தாள்.

வேலை முடிந்து நோட்டை எடுத்தேன்.
முதல் பக்கத்தில்
பூபாலனின் அறுபது அங்கிகளுக்கு மேலே
ஒரு வரிக்கு இடம் இருந்தது.
தேதிப்படி
அது அங்கேதான் வரும்.